எஞ்சின் ஏறி இறங்கி ஓடுகிறதா? டீசல் பம்பைக் கழற்றும் முன் படியுங்கள்



"பயிர் மஞ்சளாகிவிட்டது, எவ்வளவு யூரியா போடலாம்?" என்று கேட்டு வருபவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "மஞ்சள் கண்டிருப்பது அடி இலையிலா, குருத்து இலையிலா?" என்பதுதான். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணலாம். குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும். இரண்டும் மஞ்சள்தான். ஆனால் இரண்டாவதற்கு யூரியா போட்டால் பணம் போகும், பயிர் தேறாது.

உழவியல் பாடம் நடத்தும் நான் வண்டி எஞ்சினைப் பற்றி எழுத வந்ததற்கு இதுவே காரணம். விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல இன்று பல கிராமங்களில் பழைய டீசல் பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. இவ்வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு, ஆக்சிலேட்டரை மிதிக்காமலே எஞ்சின் வேகம் கூடுவதும் குறைவதுமாக இருப்பது. மெக்கானிக்குகள் இதை 'ஹண்டிங்' என்பார்கள். உடனே "டீசல் பம்பு போய்விட்டது" என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். மஞ்சள் இலை எல்லாவற்றுக்கும் யூரியா போடுவது போன்ற முடிவு இது.

இக்கட்டுரை காமன் ரெயில் முறை வருவதற்கு முந்திய, கம்பி அல்லது கேபிளால் ஆக்சிலேட்டர் இயங்கும், சாதாரண டீசல் பம்பு உள்ள வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

ஒரு தக்காளிச் சுமை

திண்டுக்கல் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி கொண்டு செல்பவர். அவருடைய பழைய பிக்கப் வண்டி நின்ற நிலையில் 'உம்... உம்...' என்று ஏறி இறங்கி ஓடத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது இழுவை விட்டு விட்டு வந்தது. பட்டறையில் காட்டினார். பம்பைக் கழற்றிச் சோதனை மேசையில் ஏற்றி அளவு சரிசெய்து திரும்ப மாட்டினார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. வண்டியும் நன்றாகவே ஓடியது.

மூன்றாம் நாள் கோளாறு திரும்பிவிட்டது. அன்று வண்டியில் தக்காளி இருந்தது. வழியில் மேட்டில் எஞ்சின் நின்றது. காற்றை எடுத்து மீண்டும் கிளப்பிச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை இறங்கிவிட்டது. அடியில் இருந்த பெட்டிகளில் பழம் நசுங்கியும் போயிற்று. அந்தப் பறிப்பில் அவருக்குக் கூலி கூட மிஞ்சவில்லை.

அவரிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். "காலையில் எஞ்சின் எளிதாகக் கிளம்புகிறதா?" "இல்லை, வெகுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது." "டேங்கில் டீசல் நிறைய இருக்கும்போதும் இப்படித்தானா?" சற்று யோசித்தார். "டீசல் குறையக் குறையத்தான் அதிகமாகிறது" என்றார்.

இந்த இரண்டு பதில்களும் பம்பைச் சுட்டவில்லை, பம்புக்கு முன்னால் உள்ள குழாயைச் சுட்டின. தேடிப் பார்த்ததில், வண்டியின் சட்டத்தை ஒட்டி வரும் இரும்புக் குழாயையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. ஒரு முழத்திற்கும் குறைவான குழாயை மாற்றியதும் கோளாறு நின்றது.

அப்படியானால் பம்பைச் சரிசெய்த பிறகு மூன்று நாள் நன்றாக ஓடியது எப்படி? பட்டறையிலிருந்து வந்ததும் அவர் டேங்கை நிரப்பியிருந்தார். டேங்க் நிரம்பியிருந்தபோது டீசலைக் கீழிருந்து உறிஞ்ச வேண்டிய தேவை குறைந்தது. வெடிப்பு வழியாகக் காற்றும் குறைவாகவே புகுந்தது. கோளாறு மறைந்திருந்ததே தவிர, தீரவில்லை. ஒன்றைச் சரிசெய்த பின் வண்டி நன்றாக ஓடினால், சரிசெய்தது அதனால்தானா, வேறு ஏதேனும் அதே வேளையில் மாறியதா என்று பார்ப்பது அவசியம்.

எஞ்சின் ஏன் ஏறி இறங்குகிறது?

டீசல் பம்பின் உள்ளே 'கவர்னர்' என்ற வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு. பெரும்பாலான பம்புகளில் இது சுழலும் எடைக் குண்டுகளாலும் ஒரு சுருள் வில்லாலும் ஆனது. எஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் வெளிப்புறம் விரிந்து டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் வில் இழுத்து டீசலைக் கூட்டும். இந்த வேலையால்தான் நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 850 சுற்றுக்குள் சீராக ஓடுகிறது.

இப்போது டீசலோடு ஒரு காற்றுக் குமிழ் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். டீசலை அழுத்தினால் சுருங்காது, காற்றோ சுருங்கும். பம்பு தள்ளும் அழுத்தம் குமிழைச் சுருக்குவதில் வீணாகி, நாசிலுக்குப் போகும் டீசல் குறைகிறது. வேகம் இறங்குகிறது. உடனே கவர்னர் டீசலைக் கூட்டுகிறது. அதற்குள் குமிழ் கடந்துவிட, கூட்டிய டீசல் முழுவதும் எரிந்து வேகம் தாவுகிறது. கவர்னர் மீண்டும் குறைக்கிறது. அடுத்த குமிழ் வருகிறது. நமக்குக் கேட்கும் 'உம்... உம்...' ஓசை, பெரும்பாலும் நல்ல கவர்னர் தன் வேலையைச் செய்வதன் ஓசைதான்.

கிணற்று மோட்டாரில் உங்களுக்குப் பழக்கமான ஒன்றை இங்கே நினைவில் கொள்ளுங்கள். தண்ணீரை வெளியே தள்ளும் குழாயில் துளை விழுந்தால் தண்ணீர் பீச்சியடிக்கும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் குழாயில் துளை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும், தண்ணீர் விட்டு விட்டு வரும். வண்டியிலும் அப்படியே. டேங்கிலிருந்து பீடு பம்பு வரை உள்ள பாதை உறிஞ்சும் பக்கம். அங்கே துளை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் கசியாது. ஆகவே "எங்கும் ஈரமே இல்லை, குழாய் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இதில் இரண்டு வகை உண்டு. வரிசைப் பம்பு உள்ள வண்டிகளில் பீடு பம்பு தனியாக, பெரும்பாலும் டீசல் பம்பின் பக்கவாட்டிலேயே இருக்கும். வடிகட்டி அதற்குப் பின்னால் தள்ளும் பக்கத்தில் வரும். வட்ட வடிவச் சுழல் பம்பு உள்ள பல வண்டிகளில் தனிப் பீடு பம்பு இராது. பம்பே தன் உள்ளிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அப்போது வடிகட்டியும் அதன் தலையிலுள்ள கை பம்பும் உறிஞ்சும் பக்கத்தில் அடங்கும். இவ்வகையில் கை பம்பின் ரப்பர் சவ்வு கிழிந்தால் கூடக் காற்று புகும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

வண்டியைப் பட்டறைக்கு விடும் முன் ஒரு வாரம் கவனித்து, கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் குறித்து வையுங்கள். அறிகுறி வரும் நேரமே இடத்தைக் காட்டும்.

1. காலையில் கிளம்ப மறுத்து, கிளம்பிய பின் சில நிமிடம் ஏறி இறங்கி ஓடினால்: இரவில் காற்று புகுந்து டீசல் பின்வாங்கியிருக்கிறது. உறிஞ்சும் பக்க இணைப்புகளைப் பாருங்கள்.

2. டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் மட்டும் வந்தால்: உறிஞ்சும் குழாயில் காற்றுக் கசிவு, அல்லது டேங்கினுள் இறங்கும் குழாயில் விரிசல்.

3. அரை மணி, ஒரு மணி ஓடிய பின் வந்து, நிறுத்தி ஓய்வு கொடுத்தால் சரியானால்: டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, அல்லது டேங்கின் உள்ளே உறிஞ்சும் வாயில் தூசி அடைப்பு.

4. சுமையுடன் மேட்டில் ஏறும்போது மட்டும் இழுவை விட்டு விட்டு வந்தால்: வடிகட்டி அடைப்பு.

5. நின்ற நிலையில் மட்டும் வந்து, ஓட்டும்போது முற்றிலும் சரியாக இருந்தால்: நின்ற நிலை வேகத் திருகின் அளவு, ஆக்சிலேட்டர் கேபிள், ஒரு நாசிலின் கோளாறு, அல்லது கவர்னர்.

6. எல்லா நிலையிலும் வந்தால்: காற்றுக் கசிவை முதலிலும் பம்பைக் கடைசியிலும் பாருங்கள்.

கரும்புகையோடு இழுவை குறைந்து, வேகம் சீராகவே இருந்தால் அது இந்தக் கோளாறு அல்ல. காற்று வடிகட்டியைப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடியும் வண்டி வேகம் கூடாவிட்டால் அது கிளட்ச் வழுக்கல்.

வரிசையான சோதனைகள்

செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது.

அ) டேங்க் மூடி: கோளாறு இருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, சற்று நேரத்தில் எஞ்சின் சீரானால் மூடியின் துளை அடைந்திருக்கிறது. கழுவி ஊதினால் போதும்.

ஆ) நீரும் வண்டலும்: வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். நீர் இருந்தால் அடியில் தனியே தங்கும். நீர் இருப்பது காற்றைப் போலவே விட்டு விட்டு எரியச் செய்வதோடு, பம்பையும் நாசிலையும் அரித்துவிடும்.

இ) வடிகட்டி: கடைசியாக எப்போது மாற்றியது? மாற்றிய மறுநாளிலிருந்து கோளாறு வந்திருந்தால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை வைத்து இறுக்கிவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

ஈ) தெளிவுக் குழாய்ச் சோதனை: டீசல் பம்புக்கு வரும் குழாயின் கடைசிப் பகுதிக்குப் பதிலாக ஒரு சாண் நீளம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி எஞ்சினை ஓட்டுங்கள். தொடர்ந்து குமிழ்கள் வந்தால் காற்றுக் கசிவு உறுதி. பிறகு அதே குழாயை வடிகட்டிக்கு முன்னும், பீடு பம்புக்கு முன்னும் மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். குமிழ் தெரியும் இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில் கசிவு இருக்கிறது. இக்குழாய் சோதனைக்கு மட்டுமே. நிரந்தரமாக விட்டால் டீசலில் இறுகி வெடித்துவிடும்.

உ) கேன் சோதனை: இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, எஞ்சினை விட உயரமான இடத்தில், புகைக்குழாய்க்குத் தள்ளி உறுதியாகக் கட்டுங்கள். அதிலிருந்து ஒரு குழாயை நேரே பீடு பம்பின் உறிஞ்சும் வாயிலும், சுழல் பம்பு என்றால் வடிகட்டியின் நுழைவாயிலும் இணையுங்கள். காற்றை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். கோளாறு நின்றுவிட்டால் குற்றம் டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில். நிற்காவிட்டால் அந்த இடத்துக்குப் பின்னால். பாதி வண்டியைப் பத்து நிமிடத்தில் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

ஊ) இணைப்புகள்: குழாய் முனைகளில் துளையுள்ள போல்ட்டின் இருபுறமும் செம்பு வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய வாஷரை அப்படியே மீண்டும் போட்டால் காற்று புகும். புதியது கிடைக்காத இடத்தில் பழையதைச் செந்நிறம் வரச் சுட்டு ஆறவைத்தால் செம்பு இளகி மீண்டும் படியும். பின் தேய்த்துச் சுத்தம் செய்து போடலாம்.

எ) ஆக்சிலேட்டர் கேபிள்: பம்பின் கைப்பிடியிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். கோளாறு நின்றால் கேபிள் இழுபடுகிறது, அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் நைந்து எஞ்சின் ஆடும்போதெல்லாம் கேபிளை இழுக்கிறது.

ஏ) நாசில்: நின்ற நிலையில், ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிதே தளர்த்தி இறுக்குங்கள். தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. தளர்த்தியும் மாற்றமே இல்லாவிட்டால் அந்தச் சிலிண்டரின் நாசிலைச் சோதிக்கக் கொடுங்கள். இதைப் பழக்கமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு செய்வதே நல்லது. காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் உயிருக்கே ஆபத்தானது.

காற்றை வெளியேற்றும் முறை

கசிவைச் சரிசெய்த பின் காற்றை முழுதாக எடுத்தால்தான் பலன் தெரியும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரையில்லாத டீசல் வரும் வரை கை பம்பை அடித்து, டீசல் வழியும்போதே திருகை இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பின் மேலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். பிறகும் கிளம்பாவிட்டால் இரண்டு நாசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

காற்றை எடுத்தால் சரியாகி, ஓரிரு நாளில் திரும்பத் திரும்பக் காற்று பிடிக்கிறது என்றால், புகும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது என்று பொருள். தினமும் காற்று எடுப்பது சிகிச்சை ஆகாது.

பம்பைக் கழற்ற வேண்டியது எப்போது?

கேன் சோதனையில் கோளாறு நிற்கவில்லை, குமிழ் இல்லை, கேபிள் சரி, நாசில்கள் சரி என்றால் பம்பைச் சந்தேகிப்பது நியாயமே. கவர்னரின் குண்டுகளைத் தாங்கும் ஊசிகள் தேய்வது, வில் தளர்வது, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் சட்டம் பிசுக்கினால் தடைபடுவது ஆகியவை உண்மையான காரணங்கள். சில பழைய எஞ்சின்களில் குண்டுகளுக்குப் பதில் காற்றழுத்தத்தால் இயங்கும் கவர்னர் உண்டு. அதில் தோல் சவ்வு கிழிந்தாலோ, காற்றுக் குழாய் கழன்றாலோ இதே கோளாறு வரும். அந்தக் குழாயைப் பம்பைக் கழற்றாமலே பார்த்துவிடலாம்.

பம்பைத் தாமே பிரிக்க வேண்டாம். சோதனை மேசை உள்ள இடத்தில் கொடுத்து, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகளை எழுதி வாங்குங்கள். மெக்கானிக்கைக் குறை சொல்வது இங்கே நோக்கம் அல்ல. "பம்பைப் பாருங்கள்" என்று கொடுத்தால் அவர் பம்பைத்தான் பார்ப்பார். பழைய பம்பு எதை மேசையில் ஏற்றினாலும் அளவு சற்று மாறித்தான் இருக்கும். "இந்த இந்தச் சோதனை செய்துவிட்டேன், முடிவு இது" என்று சொல்லிக் கொடுங்கள்.

எச்சரிக்கை

1. சோதனையின்போது வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். கைப்பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பீடி, விளக்கு அருகில் கூடாது. சூடான புகைக்குழாயில் டீசல் சிந்தவிடாதீர்கள்.

2. நாசில் குழாயிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையால் தடவிக் கசிவு தேடாதீர்கள். அட்டைத்துண்டைக் காட்டிப் பாருங்கள். தோலில் பாய்ந்தால் காயம் ஊசிக்குத்து அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

3. பம்பு வேலை பார்த்த பின் முதல்முறை கிளப்பும்போது, எஞ்சினை நிறுத்தும் கேபிளை ஒருவர் கையில் பிடித்திருக்கட்டும். கவர்னர் தவறாகப் பொருந்தியிருந்தால் எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். கேபிளுக்கும் நிற்காவிட்டால் காற்று நுழையும் வாயைக் கெட்டியான பலகையால் மூட வேண்டும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது.

வராமல் காக்க

டீசல் வழி ரப்பர் குழாய்களை வெடிக்கும் வரை காத்திராமல், வளைத்துப் பார்த்து மேல்தோலில் கீறல் தெரிந்தால் மாற்றுங்கள். டீசலுக்கென்று விற்கும் குழாயையே வாங்குங்கள். தெளிப்பான் குழாயும் சொட்டுநீர்க் குழாயும் இதற்கு ஆகா. கட்டுக்கம்பியால் முறுக்காமல் திருகு கிளிப் போடுங்கள். டிரம்மில் டீசல் வைத்திருப்பவர்கள் ஒருநாள் தெளியவிட்டு, அடியில் நான்கு விரல் அளவை விட்டுவிட்டு, வலையிட்ட புனல் வழியே ஊற்றுங்கள். இரவில் டேங்க் காலியாகக் கிடந்தால் ஈரக்காற்று குளிர்ந்து உள்ளே நீராகும். ஆகவே முடிந்தவரை நிரப்பி நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். பம்பின் உள்பாகங்களுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு போதாது.

வண்டியில் ஒரு சிறு பையில் ஒரு முழம் டீசல் குழாய், நான்கு கிளிப், சில செம்பு வாஷர், ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி ஆகியவற்றை எப்போதும் வைத்திருங்கள். நடுவழியில் சுமையோடு நிற்கும்போது இவற்றின் அருமை தெரியும்.

மேலே சொன்ன தக்காளி விவசாயி இப்போது டேங்க் மூடியின் உட்புறம் தேதி எழுதி ஒட்டியிருக்கிறார். குழாய் மாற்றிய நாள், வடிகட்டி மாற்றிய நாள் என்று இரண்டு வரிகள். அவ்வளவுதான். அடுத்த கோளாறு வரும்போது எதை எப்போது மாற்றினோம் என்று நினைவைத் தடவ வேண்டியதில்லை. நீங்களும் இன்றே இதைச் செய்து, கோளாறு வந்தால் கேள்வியில் தொடங்கி வரிசையாகச் சோதித்து, வீண் செலவைத் தவிர்த்துப் பயனடைவீர்களாக!